நடுவில் உள்ள முப்பத்திரண்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்று முறை படித்தோம். மூன்றும் சரி.

கிரிப்டோ பணம் அனுப்பும் ஒரு முகவரியில் நாற்பத்திரண்டு எழுத்துகள். முதல் இரண்டு எல்லா முகவரிகளுக்கும் பொது. மீதி நாற்பதும் எண்ணும் எழுத்துமாகக் கலந்து கிடப்பவை, பொருளற்றவை. ஒன்று மாறினாலும் அனுப்பியது வேறு யாருடைய பெட்டகத்துக்கோ போய்விடும், திரும்ப வராது. முறையிட மேலாளர் இல்லை, நிறுத்திவைக்கக் கிளை இல்லை. இதைத்தான் கிரிப்டோவின் சுதந்திரம் என்று எங்கள் விளம்பரம் சொல்கிறது.

நிறுவனத்தின் பெட்டகத்துக்கு மூன்று சாவிகள். ஏதேனும் இரண்டு சேர்ந்தால் திறக்கும். முதல் சாவி ஓர் இளம்பெண்ணிடம். இரண்டாவது என்னிடம். மூன்றாவது, வெளியூரில் எங்கோ உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவரிடம். அவர் குரலைக்கூட நான் கேட்டதில்லை. முதல் சாவிக்காரி தன் திரையில் இருக்கும் முகவரியை உரக்கப் படிப்பாள். நான் இரும்பு அலமாரியிலிருந்து எடுத்த அச்சுத்தாளில் ஒவ்வோர் எழுத்தாகப் பென்சில் நுனியால் தொட்டுக்கொண்டு வருவேன். பிறகு, என் சாவியான கைச்சாதனத்தின் நகமளவுத் திரையிலும் அதைச் சரிபார்ப்பேன். அதற்குப் பிறகே பொத்தானை அழுத்துவேன்; அதுதான் என் கையொப்பம். பதிவேட்டில் ஒரு டிக்.

இந்த முறையைக் கொண்டுவந்தவன் நான். வங்கித் தணிக்கைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் வேறு எதைக் கொண்டுவருவான்? அதற்காக அலுவலகம் எனக்கு இட்டிருக்கும் பெயர் 'நாப்பத்திரண்டு'. இன்று தேநீர் இயந்திரத்தின் அருகில் ஒருவன் இன்னொருவனிடம், "நாப்பத்திரண்டுகிட்ட கையெழுத்து வாங்கணுமா? அப்ப சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்" என்றான். நான் பின்னால் நிற்பதைக் கண்டதும் தன் தேநீரை எனக்கு நீட்டினான். சர்க்கரை போட்டது. மூன்று ஆண்டுகளாக நான் சர்க்கரை சேர்ப்பதில்லை என்பதைப் பார்க்காதவன், எழுத்துகளை எங்கே பார்க்கப்போகிறான்.

மார்ச் 5, வியாழன்

பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு, "கிரிப்டோ இப்ப வாங்கலாமா, இன்னும் விலை இறங்குமா?" என்று கேட்டார். வாய் திறந்திருந்தும் பதில் சொல்ல இயலாத நிலை இவ்வளவு இதமாக இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

பிற்பகல் ஒரு வாடிக்கையாளர். தம் கிரிப்டோப் பெட்டகமான வாலட்டின் பன்னிரண்டு ரகசியச் சொற்களை மறக்காமல் இருப்பதற்காக லேமினேட் செய்து ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்திருக்கிறார். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ அவருடையதே பணம். வீடு மாறும்போது ஃபிரிட்ஜை விற்றுவிட்டார். "வேற பன்னெண்டு வார்த்தை குடுங்க சார். பேங்க்ல பின் நம்பர் மாத்திக் குடுக்கறாங்கல்ல?" என்கிறார். அரைமணி நேரம் விளக்கினேன். இறுதியில் அவர், "அப்ப ஃபிரிட்ஜ் வாங்கினவன் நம்பர் இருக்கு, நீங்களே பேசுங்களேன்" என்றார்.

மார்ச் 9, திங்கள்

நிறுவனத்தின் தலைவன் என் அக்கா மகன். மூன்று ஆண்டுகளுக்கு முன் விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளைத் திருத்திக்கொண்டிருந்த என்னை, "மாமா, எனக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேணும்" என்று அழைத்துவந்தவன். இன்றைய கூட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பதை வரைபடமாகப் போட்டுக் காட்டினான். ஒரு முகவரியைப் படிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. ஒரு மாதத்துக்கு இத்தனை மணி. சிவப்பு நிறத்தில்.

"பொதுவான ரெண்டை விட்டுட்டு, முதல் நாலு, கடைசி நாலு பாத்தா போதும் மாமா. உலகமே அப்படித்தான் பாக்குது."

"நடுவுல முப்பத்திரண்டு இருக்கே, அது எதுக்கு? அழகுக்கா?"

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முன்னும் பின்னும் ஒரே எழுத்துகள் வரும்படி போலி முகவரியைக் கணினியை ஓடவிட்டே செய்துகொள்ளும் திருடர்கள் இருக்கிறார்கள். அந்த முகவரியிலிருந்து நமக்கு ஒரு சல்லிக்காசு அனுப்பிவைப்பார்கள். அது நம் பழைய பரிவர்த்தனைகளின் பட்டியலில் வந்து உட்கார்ந்துகொள்ளும், யாரோ ஒருவர் அவசரத்தில் நகலெடுப்பார் என்று காத்துக்கொண்டு. இதைச் சொன்னேன். "மாமா திகில் படம் எடுக்கப் போகலாம்" என்றான் அக்கா மகன்.

எனினும் முறை நீடிக்கும் என்று முடிவாயிற்று. நான் ராஜினாமா என்ற சொல்லைக் குரல் உயர்த்தாமல் ஒரே ஒரு முறை உச்சரித்திருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

மனைவிக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். நல்லபடியாக முடிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து, குனியக்கூடாது, இருமக்கூடாது. "பேசலாமான்னு கேட்டீங்களா?" என்றாள்.

நடைவழியில் காத்திருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஒரு கையொப்பம். இட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

பதிவேட்டில் நேற்றைய வரி காலியாக இருந்தது. டிக் போட்டேன்.

மார்ச் 16, திங்கள்

வந்து சேரவில்லை என்கிறார்கள்.

வாரந்தோறும் நாங்கள் பணம் அனுப்பும் கூட்டு நிறுவனம், போன வாரக் கணக்கை இன்றுதான் சரிபார்த்துவிட்டு, காலை பத்தரை மணிக்கு அழைத்துக் கேட்டது. அனுப்பிவிட்டோம் என்றோம். இல்லை என்றார்கள். அச்சுத்தாளை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் நான்கு அதே. கடைசி நான்கு அதே. நடுவில் உள்ள முப்பத்திரண்டும் வேறு. பத்து நாட்களுக்கு முன் அதே போலி முகவரியிலிருந்து ஒரு சல்லிக்காசு வந்திருக்கிறது. திகில் படம்.

தொகையை இங்கே எழுதமாட்டேன். அது வாடிக்கையாளர்களுடையது, ஃபிரிட்ஜ் விற்றவரைப் போன்றவர்களுடையது.

எழுத வேண்டியது வேறு. வியாழக்கிழமை நடந்ததை, நடந்த வரிசையில்.

மருத்துவமனை நடைவழி. பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே மனைவி. அக்கா மகனின் செய்தி: 'மாமா அவசரம், கூட்டு நிறுவனத்துல அனுப்பியாச்சான்னு பத்து நிமிஷமா கத்தறாங்க.' உடனே முதல் சாவிக்காரியின் அழைப்பு. அந்த வாரம் மென்பொருளை மாற்றிக்கொண்டிருந்ததால் அங்கீகரித்த முகவரிகளின் பட்டியல் திறக்கவில்லை. அவள் பழைய பரிவர்த்தனையிலிருந்து நகலெடுத்திருக்கிறாள். அதையும் மறைக்கவில்லை, சொன்னாள். "சார், வாராவாரம் போற அதே இடம்தான். படிக்கட்டுமா?"

கேட்டாள். படிக்கட்டுமா என்று கேட்டாள்.

அச்சுத்தாள் அலுவலக அலமாரியில் இருந்தது. ஆனால் முன் நான்கும் பின் நான்கும் எனக்கு மனப்பாடம். ஒன்றரை ஆண்டாகப் பென்சிலால் தொட்ட முகவரி. மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கி, சாதனத்தில் அந்த எட்டு எழுத்துகளையும் பார்த்தேன். அந்த நேரம் நர்ஸ் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். "வேண்டாம்மா, நான் பார்த்துட்டேன்" என்று சொல்லி அழுத்தினேன்.

பாத்துட்டேனா? என்னத்தடா பாத்த நீ? எட்டு எழுத்தப் பாத்துட்டு, நாப்பத்திரண்டுன்னு பேரு வாங்கிக்கிட்டு—

வெள்ளிக்கிழமை அந்த டிக். காலி வரி கண்ணை உறுத்தியதால் போட்ட டிக். இருபத்தாறு ஆண்டுகளில் பிறர் போட்ட அப்படிப்பட்ட டிக்குகளை எத்தனை முறை சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா மகன் தன் அறைக் கதவைச் சாத்தினான். என் நாற்காலியை அவனே இழுத்துப் போட்டான். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

காப்பீடு இருக்கிறது. ஆனால் அது ஊழியர் மோசடிக்கு மட்டும் பணம் தரும். ஊழியர் கவனக்குறைவுக்குத் தராது. ஆகவே நிறுவனத்துக்குத் தேவைப்படுவது ஒரு திருடர். கவனக்குறைவானவர் எவரும் தேவையில்லை.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட சரியான அட்ரஸைப் படிச்சா. ஸ்கிரீன்ல வேற போட்டுருந்தா. உங்க டிவைஸ்ல எழுத்து பொடிசு, இந்த வயசுல தெரியல. அவ்வளவுதான் மாமா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அவங்க என்கிட்ட எதையும் படிக்கல."

பென்சில் ஒன்றை எடுத்து மேசையில் உருட்டினான். "டிக் இருக்கே."

"அது நான் மறுநாள் போட்டது."

"நீங்க சொன்னத நான் கேக்கல. காது அடைச்சிருக்கு." உண்மையாகவே ஒரு காதைத் தட்டிக் காட்டினான். "எரநூறு பேர் வேலை மாமா. நூத்துக்கணக்கான வாடிக்கையாளருங்க. இன்சூரன்ஸ் குடுத்தா எல்லாருக்கும் திரும்பக் கிடைக்கும். ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம். கேஸ் நிக்காது, ரெண்டு வருஷத்துல விட்டுடுவாங்க."

எவ்வளவு நேர்த்தியான கணக்கு. இரண்டு வருஷம். அவள் வயது இருபத்தாறு.

நான் எழுந்து நாற்காலியை அது இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

வெளியே வந்தபோது முதல் சாவிக்காரியின் மேசையிலிருந்து கணினியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நுழைவு அட்டையையும் வாங்கிவிட்டார்கள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல் உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 18, புதன்

அவள் அழைத்தாள். அழுதிருந்த குரல், ஆனால் அழைத்தபோது அழவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நாம படிச்சோமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"படிக்கட்டுமான்னு நான் கேட்ட மாதிரி இருக்கு சார். நீங்க வேண்டாம்னு சொன்ன மாதிரியும் இருக்கு. ஆனா ரெஜிஸ்டர்ல டிக் இருக்குன்னு காட்டுனாங்க. நீங்க பொய்யா டிக் போடற ஆள் இல்ல. அப்ப நான்தான் படிச்சிருக்கேன், இல்ல? படிச்சிட்டு எனக்கு மறந்துபோச்சா? பதட்டத்துல நான் வேற எதையாவது... எனக்கு ஏதாவது ஆயிடுச்சா சார்?"

என் டிக்கை நம்பித் தன் நினைவையே சந்தேகப்படுகிறாள்.

"அப்புறம் கூப்பிடறேம்மா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அப்புறம் கூப்பிடறேம்மா. கோழை. படித்த கோழை.

மார்ச் 19, வியாழன்

கைப்பேசியில் பழைய அழைப்புகளைப் பார்த்தேன். அன்றைய அழைப்பு: நாற்பத்தொரு வினாடி.

நாற்பத்திரண்டு எழுத்துகளை நாற்பத்தொரு வினாடியில் படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க எவராலும் முடியாது. அவன் வரைபடமே அதைச் சொல்கிறது, சிவப்பு நிறத்தில். இது இன்னும் எவர் கண்ணிலும் படவில்லை. படாமலும் போகலாம். படாமல் போகலாம் என்பதுதான் தொல்லை.

நான் சொன்னால்: வேலை போகும், வழக்கு வரும், காப்பீடு வராது, வாடிக்கையாளர்கள் இழப்பார்கள், அக்கா. சொல்லாவிட்டால்: அவள்.

சாலையில் போகும் வண்டிகளின் எண்களை முழுதாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஒன்றுவிடாமல். கடைக்காரர் கொடுத்த ரசீதைப் படித்தேன். சொட்டு மருந்துப் புட்டியில் உள்ளதை எல்லாம் படித்தேன். சோறு இறங்கவில்லை. மருந்து ஒரு சொட்டுக்கு இரண்டாக விழுந்தது. "கண்ணுல விடச் சொன்னாங்க, குளிப்பாட்டச் சொல்லல" என்றாள் மனைவி.

மார்ச் 20, வெள்ளி

அக்கா. காலை ஏழு மணிக்கே.

"தம்பி, அவன் சரியா சாப்பிட்டு நாலு நாள் ஆச்சுடா."

"நானும்தான் சாப்பிடல அக்கா."

"உன்ன யாரு அங்க கொண்டுபோய் உக்கார வச்சது? ஓய்வுல இருந்த மனுஷன, மாமா மாமான்னு கூட்டிட்டுப் போனானே. அந்தப் பொண்ணு நமக்கு என்னடா வேணும்? எவளோ ஒருத்தி. உன்ன பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன். சும்மா இருக்கறதுக்கு உனக்கு என்ன நோவு?"

"அந்த டிக்கே பொய்தான் அக்கா."

அவள் வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"சரி. என்கிட்ட சொல்லிட்டல்ல, பாரம் எறங்கியிருக்கும். வேற யாருகிட்டயும் சொல்லாத." வைத்துவிட்டாள்.

மனைவி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் மருத்துவர் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், நாள் வாரியாக, சொன்ன சொற்களுடன். தணிக்கை அறிக்கை போலத்தான் வந்தது. இறுதியில் அவள் கேட்டாள்:

"இவ்வளவு கோவம் யார் மேல?"

வரிசையாகச் சொன்னேன். அக்கா மகன். அவன் வரைபடம். அந்த வாரமே மென்பொருளை மாற்றியவர்கள். பத்து நிமிடம் கத்தியவர்கள். சர்க்கரைத் தேநீர்க்காரன். அக்கா. போலி முகவரி செய்தவன்.

"லிஸ்டுல ஒரு பேரு குறையுது" என்றாள். பிறகு, "சொட்டு மருந்துக்கு நேரமாச்சு" என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

அவளைக் கூப்பிட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா. நீங்க கேட்டீங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். உங்க ஞாபகம் சரி."

"தேங்க்ஸ் சார்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 23, திங்கள்

காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி வந்தார். என் வயதுப் பெண்மணி, பருத்திப் புடவை, ஒரு குறிப்பேடு, இரண்டு பேனா. பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"இந்த டிக் உங்களோடதா?"

"ஆமாம்."

"அப்ப நாப்பத்திரண்டு எழுத்தையும் சரிபார்த்திருக்கீங்க."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா மகன் சிரித்தான். "அத அவருகிட்ட கேக்கவே வேணாம் மேடம். ஆபீஸ்ல அவரு பேரே நாப்பத்திரண்டு."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் மீது எனக்கு இருந்த கோபத்தில் ஒரு பங்கு கரைந்தது; மீதி இறுகியது.

"உங்க வாட்ச்ல வினாடி முள் இருக்கா மேடம்?" என்றேன்.

இருந்தது.

"நான் ஆரம்பிக்கும்போது பாருங்க."

அச்சுத்தாளை எடுத்து, பென்சில் நுனியால் தொட்டு, முதல் எழுத்திலிருந்து படித்தேன். வழக்கமான வேகத்தில். அவசரப்படவில்லை, இழுக்கவும் இல்லை. இருபதாவது எழுத்துக்கு மேல் அக்கா மகனுக்குப் புரிந்துவிட்டது. "மாமா" என்றான். படித்தேன். "மாமா, போதும்." குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது. நடுவில் உள்ள முப்பத்திரண்டையும் படித்தேன், கடைசி நான்கையும் படித்தேன்.

"ஒரு நிமிஷம் அம்பத்திரண்டு வினாடி" என்றார் அதிகாரி.

என் கைப்பேசியை அவர் முன் வைத்தேன். மார்ச் 12. நாற்பத்தொரு வினாடி.

"அந்தப் பொண்ணு படிக்கட்டுமான்னு கேட்டாங்க. நான் வேண்டாம்னு சொன்னேன். டிக் மறுநாள் போட்டேன். படிக்காம போட்டேன்."

அவர் எழுதினார். நான் சொன்னதைவிட மெதுவாக எழுதினார். பிறகு எழுதியதை எனக்கே படித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லாக.

மார்ச் 24, செவ்வாய்

சாதனத்தை ஒப்படைத்தேன். சிறு உறையில் போட்டு, முத்திரையிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டேன். ஒப்புகையில் தேதி தவறாக இருந்தது. திருத்தச் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா எண்ணுக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

மனைவிக்கு இன்று இடது கண். அதே மருத்துவமனை, அதே நடைவழி, அதே பிளாஸ்டிக் நாற்காலிகள்.

நிறுவனம் ஜூன் மாதம் மூடப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கு ஒரு பகுதி கிடைத்தது, ஒரு பகுதி கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் என் பெயரையும் சேர்த்து வழக்குத் தொடுத்திருக்கிறார்கள், சரியாகவே செய்திருக்கிறார்கள். அக்கா இன்னும் பேசவில்லை. முதல் சாவிக்காரிக்கு எதிராகப் புகார் எதுவும் பதிவாகவில்லை. வேறோர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அங்கும் சாவிதான். அங்கே இரண்டாம் சாவி வைத்திருப்பவர் பொறுமையில்லாதவராம். போன மாதம் தொலைபேசியில், "படிக்கட்டுமான்னு இப்பல்லாம் கேக்கறதில்ல சார். படிச்சிடறேன்" என்றாள்.

பதினொரு மணிக்கு நர்ஸ் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். மூன்று பக்கம். பேனாவையும் மூடியைத் திறந்தே கொடுத்தாள். கையொப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

"சார், கடைசிப் பக்கத்துல போட்டா போதும்."

"தெரியும்மா."

"போன தடவை போட்ட அதே ஃபார்ம்தான் சார். எல்லாரும் பாக்காமத்தான் போடுவாங்க. பின்னால ஆளு நிக்கறாங்க."

என் கைப்பேசி அடித்தது. யார் என்று பார்க்கவில்லை. அடித்து நின்றது.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி, மருந்து விட்டு விரிந்த இடது கண்ணை மூடிக்கொண்டு, தெளிந்த வலது கண்ணால் நர்ஸைப் பார்த்தாள்.

"விடும்மா, படிக்கட்டும்" என்றாள். "அவரு படிக்காம போட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

நான் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.